ஸ்டெடிகேம் ஸ்லெட்டில் ரெக்கார்டர்: எது வாங்குவது, கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

வைகைக்கரை_ஆபரேட்டர்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மதுரையில் மூன்று வருடமாக ஸ்டெடிகேம் (நடந்தாலும் ஓடினாலும் படம் ஆடாமல் இருக்க உடம்பில் மாட்டிக்கொள்ளும் கேமராத் தாங்கி) போடுகிறேன். சொந்த ஸ்லெட் (மேலே கேமரா, கீழே மானிட்டரும் பேட்டரியும் உள்ள கம்பம்), செகண்ட் ஹேண்ட், கீழே பேட்டரி மாட்ட ஒரே ஒரு வி-மவுண்ட் பிளேட். வேலை பெரும்பாலும் கல்யாணமும் குறும்படமும்தான், எப்போதாவது சென்னை யூனிட் வந்தால் ஒரு நாள் இரண்டு நாள் கூப்பிடுவார்கள். கேமரா அனேகமாக சோனி எஃப்எக்ஸ்3.

கீழே மானிட்டர் இருக்க வேண்டிய இடத்தில், மானிட்டரும் ரெக்கார்டரும் ஒன்றாக இருக்கும் 5 இஞ்ச் பெட்டி ஒன்றைப் போட்டிருக்கிறேன். பழையது, கை மாறி வந்தது, கம்பெனி பெயர் வேண்டாம். ஒரே பெட்டியில் இரண்டு வேலையும் முடிகிறதே, வெயிட்டும் மிச்சம் என்று நினைத்தேன். போன வாரம் சோழவந்தான் பக்கம் வயலில் ஒரு பாட்டுக்கு ஷாட். மத்தியானம் பன்னிரண்டரை மணி, கத்திரி வெயில், பையன் வரப்பில் ஓடுகிறான், நான் பின்னாலேயே போகிறேன், பாதி தூரத்தில் திரை பொட்டென்று கறுப்பாகிவிட்டது. கண் முழுக்கத் திரையில் இருந்ததால் கால் எங்கே போகிறது என்று தெரியவில்லை, வலது கால் முழங்கால் வரை சேற்றில். வழி பார்த்துப் பிடித்துக்கொள்ள ஸ்பாட்டராக வந்த தம்பி வெஸ்ட்டைப் பிடித்து இழுத்ததால் கேமரா தப்பித்தது. ரெக்கார்டர் தானாகவே திரும்ப ஆன் ஆனது, ஆனால் அந்த டேக்கின் ஃபைல் திறக்கவே இல்லை. டைரக்டர் பிளேபேக் கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் அவர் என் பக்கமே பார்க்கவில்லை.

அன்றைக்கு மட்டும் இப்படி மூன்று தடவை. சாயங்காலம் அதே செட்டப்பில் மண்டபத்துக்குள் ரிசப்ஷன் எடுத்தேன், இரண்டு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. வெயில் சூட்டில் ரெக்கார்டர் போய்விட்டதா? புதிதாக வாங்குவதென்றால் அட்டோமாஸ் நிஞ்ஜா வி வாங்கலாமா, பிளாக்மேஜிக் வீடியோ அசிஸ்ட் வாங்கலாமா? கரண்ட் இப்போது ஸ்லெட் பேட்டரியின் டி-டாப்பிலிருந்து (கரண்ட் எடுக்கும் துளை) டம்மி பேட்டரி (பேட்டரி இருக்கும் இடத்தில் சொருகும், ஒயர் கோத்த கூடு) வழியாகப் போகிறது.

ஒத்தக்கடை_வயர்மேன்

புதுசு வாங்குவதை இரண்டு நாள் தள்ளிப் போடுங்க தம்பி. கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு டம்மி பேட்டரியைச் சொல்லியிருக்கிறீர்களே, எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

வி-மவுண்ட் பேட்டரி என்று பேருக்கு 14.4 வோல்ட், ஃபுல் சார்ஜில் 16.8 வரை நிற்கும். சோனி எஃப்970 மாதிரி சின்ன பேட்டரி போடுகிற பெட்டி எதிர்பார்ப்பதோ 7, 8 வோல்ட். அதனால் அந்த டம்மிக்குள்ளோ, ஒயரின் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள்ளோ வோல்ட்டைக் குறைக்கும் போர்டு ஒன்று இருக்கும். அதற்கு ஒரு தாங்கும் அளவு உண்டு. வாங்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை, டி-டாப்பில் சொருகினால் எரிகிறதா, சரி, காசைக் கொடு என்று வந்துவிடுகிறோம்.

மத்தியான வெயிலில் திரையை எவ்வளவு பிரைட்னஸில் வைத்திருந்தீர்கள்? நூறில்தான் இருந்திருக்கும். மண்டபத்துக்குள் நாற்பது ஐம்பது போதும். பேக்லைட்டை முழுசாக ஏற்றி, உள்ளே எஸ்எஸ்டியிலும் எழுத ஆரம்பித்தால், 5 இஞ்ச் ரெக்கார்டர்களில் சில 20 வாட்டையே தொட்டுவிடும். டம்மியின் போர்டு 15, 16 வாட்டுக்குச் செய்ததாக இருந்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், சூடாகும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆஃப் ஆகும், ஆறினதும் திரும்ப வரும். ரெக்கார்டர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. வெயில் இதில் இரண்டு பக்கமும் அடிக்கிறது, பிரைட்னஸை ஏற்ற வைப்பதும் அதுதான், போர்டை ஆறவிடாமல் வைப்பதும் அதுதான்.

டம்மியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்க. முடிந்தால் வீட்டில் பிரைட்னஸை நூறில் வைத்து ரெக்கார்டிங் போட்டுவிட்டு, அரை மணி கழித்து டம்மியை விரலால் தொட்டுப் பாருங்க.

வைகைக்கரை_ஆபரேட்டர்

அண்ணே, கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது, பாதி அழிந்திருக்கிறது. 8 வோல்ட் 2 ஆம்பியர் என்று இருக்கிறது. அப்படியென்றால் 16 வாட்தானே?

மொட்டை மாடியில் பகல் ஒரு மணிக்கு வைத்துப் பார்த்தேன். டி-டாப்புக்கும் டம்மிக்கும் நடுவில் வாட் காட்டும் சின்ன மீட்டரைச் சொருகினேன். பிரைட்னஸ் பாதியில், ரெக்கார்டிங் இல்லாமல் 11 வாட். நூறில் வைத்து ரெக்கார்டிங்கும் போட்டால் 19, சில நேரம் 20. இருபத்து மூன்றாவது நிமிடம் கறுப்பு. டம்மியைத் தொட்டால் தோசைக்கல். ரெக்கார்டரின் முதுகு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

இப்போது நேராக உண்மையான எஃப்970 பேட்டரியைப் போட்டு ஓட்டலாமா? இல்லை, பெரிய டம்மி வாங்கவா?

ஒத்தக்கடை_வயர்மேன்

உங்கள் மீட்டர் டி-டாப் பக்கம் இருந்ததால் அந்த 20இல் போர்டே தின்னும் ஒன்றிரண்டு வாட்டும் சேர்ந்திருக்கும், ஆனாலும் கணக்கு ஒத்துப்போகிறது.

எஃப்970 போட்டாலும் ஓடும். அது 45 வாட்-அவர் பக்கம், அப்படியென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும், ஆனால் 300 கிராம் ஏறும். ஸ்லெட்டின் அடியில் 300 கிராம் ஏறினால் டிராப் டைம் (கிடையாகப் பிடித்து விட்டால் ஸ்லெட் நேராக வர ஆகும் நேரம்) குறைந்துவிடும், ஸ்லெட்டைத் தாங்கும் சுழல் இணைப்பான கிம்பலைக் கீழே இறக்க வேண்டும், டைனமிக் பேலன்ஸையும் (சுற்றும்போது ஆடாமல் நிற்பது) முதலிலிருந்து பார்க்க வேண்டும், அப்புறம் பாதி நாளில் பேட்டரி தீர்ந்து மாற்றினால் அந்த இரண்டு நிமிடத்துக்கு யூனிட்டே உங்கள் முகத்தைப் பார்க்கும். ஸ்லெட்டில் ஒரு பேட்டரி இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

உங்கள் பெட்டியின் ஓரத்தில் டிசி-இன் ஓட்டை இருக்கிறதா பாருங்க. இருந்தால் அதன் பக்கத்திலோ மேனுவலிலோ எத்தனை வோல்ட் வரை வாங்கும் என்று இருக்கும். 16.8ஐயும் தாண்டி வாங்கும் என்றால் டி-டாப்பிலிருந்து நேராகக் கொடுக்கலாம், டம்மியே வேண்டாம். 16 வரைதான் என்று போட்டிருந்தால் “ஒரு வோல்ட்தானே” என்று விளையாடாதீர்கள், ஃபுல் சார்ஜ் பேட்டரியை மாட்டும்போதுதான் ஆபத்து. அப்படியானால் 12 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும், 3 ஆம்பியராவது தாங்கும் கேபிளாக வாங்குங்க. பிளக்கின் நடுமுனை பிளஸ்தானா என்று மல்டிமீட்டரில் பார்க்காமல் சொருக வேண்டாம். மலிவு டி-டாப் பிளக்குகள் சிலது தலைகீழாகவும் உள்ளே போகும், அதையும் கவனியுங்க, நான் என் பிளக்குகளில் ஒரு பக்கம் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். (வீட்டம்மாவுடையது. இன்னும் தெரியாது.)

ஃபோகஸ் மோட்டாரையும் ஸ்ப்ளிட்டர் போட்டு இதே டி-டாப்பில் மாட்டியிருக்கிறீர்களா? மாட்டியிருந்தால் பிரித்துவிடுங்க. மோட்டார் வெடுக்கென்று திரும்பும்போது கரண்டை இழுக்கும், ஒல்லி ஒயரில் வோல்ட் இறங்கும், இன்னொரு நாள் இன்னொரு வயலில் இதே கதை.

மேலமாசி_கலரிஸ்ட்

கரண்ட் விஷயம் அண்ணன் சொல்லிவிட்டார். நான் எடிட் டேபிளில் உட்கார்ந்து பார்க்கிறவன், வேறொன்று கேட்கிறேன். இந்த ரெக்கார்டிங் யாருக்கு?

எஃப்எக்ஸ்3 உள்ளேயே 10 பிட் 4:2:2 (நல்ல நிறத் தகவலோடு) எழுதும், இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைக்கலாம். ஆக, மாஸ்டரும் பேக்கப்பும் கேமராவிலேயே முடிந்துவிட்டது. ரா (சென்சாரின் பதப்படுத்தாத பதிவு) வேண்டும் என்றால்தான் வெளிப்பெட்டி அவசியம், கல்யாணத்துக்கு ரா கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரை நான் இன்னும் பார்க்கவில்லை. உங்களுக்குத் தேவை பிளேபேக் மட்டும்தான். அதற்கு 4கேயில் புரோரெஸ் எச்கியூ (புரோரெஸ் என்ற பதிவு வகையின் உயர் தரம்) ஓட்டுகிறவர்கள் உண்டு, 25 ஃபிரேமில் மணிக்கு 330 ஜிபி போல விழுங்கும். அதே பெட்டியில் ஃபுல் எச்டி, லேசான புரோரெஸ் எல்டி வைத்தால் மணிக்கு 38 ஜிபிதான். 256 ஜிபியில் நாள் முழுக்க டேக்குகளைப் போடலாம். ஷாட் சரியா என்று டைரக்டர் பார்ப்பதற்கு அது தாராளம்.

வாங்குவதென்றே முடிவு செய்தால், நிஞ்ஜா வி எச்டிஎம்ஐ பெட்டி, எஸ்டிஐ (பெரிய கேமராக்களில் வரும் வீடியோ ஒயர் இணைப்பு) வேண்டுமென்றால் தனியாக மாட்யூல் போட வேண்டும், 2.5 இஞ்ச் எஸ்எஸ்டியில் எழுதும், திரை வெளிச்சம் 1000 நிட். வீட்டுக்குள் அழகு, சோழவந்தான் மத்தியானத்துக்கு ஹுட் இல்லாமல் போதாது. வீடியோ அசிஸ்ட் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், அதில் பழசும் புதுசும் கலந்து விற்கும், 12ஜி எச்டிஆர் என்று போட்டதா என்று பார்த்து வாங்க வேண்டும். அது 2500 நிட், எச்டிஎம்ஐயும் எஸ்டிஐயும் இரண்டும் உண்டு, எஸ்டி கார்டில் எழுதும், எல்டிக்கும் கீழே புராக்சியும் இருக்கிறது. சென்னை யூனிட் வரும்போது எஸ்டிஐ உள்ள கேமரா வரும் என்றால் எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படும். ஆனால் பளிச்சென்ற திரை சும்மா வராது, அதற்கும் வாட் வேண்டும், மேலே அண்ணன் போட்ட கணக்கை மறுபடி போடுங்க.

கேமரா மெனுவில் எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்பிளேயை ஆஃப் செய்யுங்க, இல்லையென்றால் ஷட்டர், ஐஎஸ்ஓ எழுத்தெல்லாம் சேர்ந்து பதிவாகும். டைம்கோட் அவுட்புட்டையும் ரெக் கன்ட்ரோலையும் ஆன் செய்தால், அதைப் புரிந்துகொள்ளும் ரெக்கார்டர் கேமரா ஓடும்போது தானே ஓடும். நீங்கள் குனிந்து பட்டன் அமுக்க வேண்டியதில்லை.

பழைய_பச்சைத்திரை

வயதானவன் ஒருவன் நடுவில் பேசலாமா? ஃபிலிம் காலத்தில் ஸ்லெட் போட்டவன் நான். அப்போது கீழே இருந்தது பச்சை நிற டியூப் திரை, எந்த வெயிலிலும் தெரியும், கனம்தான் உயிரை எடுக்கும். வீடியோ டாப்பிலிருந்து (ஃபிலிம் கேமரா காணும் படத்தைத் திரைக்கு அனுப்பும் சின்ன வீடியோ கேமரா) வரும் படம் மினுமினுவென்று ஆடும். அதை ஏவி-இன் உள்ள ஹேண்டிகேமில் ஏற்றி, ஹேண்டிகேமை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். டைரக்டர் கேட்டால் கேசட்டை ரிவைண்ட் செய்து காட்டுவேன். இன்றைக்கு நீங்கள் கேட்கிற பெட்டிக்கு மூதாதை அதுதான்.

எனக்குப் பிடிக்காத ஒன்று சொல்கிறேன் தம்பி. நடக்கிறவன் பார்க்கும் திரையும் பதிவு செய்யும் பெட்டியும் ஒன்றாக இருக்கக் கூடாது. ரெக்கார்டர் போனால் போகட்டும், ஷாட் போகாது. திரை போனால் ஷாட்டும் போகும், காலும் போகும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேமராவிலிருந்து வரும் ஒயர் முதலில் மானிட்டருக்கு, மானிட்டரின் லூப் அவுட்டிலிருந்து ரெக்கார்டருக்கு. மாற்றிப் போட்டால் ரெக்கார்டர் படத்தை உள்ளே வாங்கி வெளியே விடுவதற்குள் கொஞ்சம் பிந்தும். டிரைபாடில் அது தெரியாது, ஓடுகிற பையனை ஃபிரேம் ஓரத்தில் வைத்துக்கொண்டு போகும்போது கைக்குத் தெரியும்.

இன்னொன்று, எஸ்டிஐ கேமரா கிடைத்தால் வரிசை மறக்க வேண்டாம். மாட்டும்போது முதலில் பவர் ஒயர், அப்புறம் பிஎன்சி (எஸ்டிஐ ஒயரின் முனை). கழற்றும்போது முதலில் பிஎன்சி, அப்புறம் பவர். பவர் பிளக்கில் கிரவுண்ட் சரியாக ஒட்டாமல் இருந்தால் அந்தக் கரண்ட் திரும்பிப் போக வழி தேடி பிஎன்சியின் வெளிக்கூடு வழியாகக் கேமராவுக்குள் போய்விடும். திருமங்கலத்தில் ஒரு தடவை அவசரத்தில் மாற்றி மாட்டி வாடகைக் கேமராவின் எஸ்டிஐ போர்ட்டைச் சாகடித்தேன். சத்தம் கிடையாது, புகை கிடையாது, படம் மட்டும் வரவில்லை. சென்னைக்குப் போய் வர மூன்று வாரம், அந்த மூன்று வார வாடகையும் என் தலையில்.

பதிவு செய்ததைச் சொந்த ஷோ ரீலுக்கு எடுத்துக்கொள்வதும் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்தேன். தயாரிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, படம் வெளிவந்த பிறகு எடுங்க.

வைகைக்கரை_ஆபரேட்டர்

எல்லோருக்கும் நன்றி. பெட்டியின் அடியில் ரப்பர் மூடிக்குள் டிசி-இன் இருக்கிறது, இத்தனை நாள் நான் திறந்ததே இல்லை. 7 முதல் 16 வரை என்று போட்டிருக்கிறது, அதனால் நேராகக் கொடுக்கவில்லை, டவுன்ஹால் ரோட்டில் 12 வோல்ட் 4 ஆம்பியர் கேபிள் ஒன்று வாங்கினேன். மீட்டரில் பிளஸ் மைனஸ் பார்த்துவிட்டு நேற்று அதே மாடியில், அதே ஒரு மணி வெயிலில் ஓட்டினேன். ஒன்றேமுக்கால் மணி நேரம் நிற்கவில்லை, நான்தான் நிழலுக்குப் போய்விட்டேன். புது ரெக்கார்டர் யோசனை இப்போதைக்கு இல்லை, அந்தக் காசில் நல்ல வெளிச்சமான மானிட்டர் பார்க்கிறேன். ரெக்கார்டரை பேட்டரிக்குப் பின்பக்கம் திருப்பி மாட்டிப் பார்த்தேன், எல்டிக்கும் மாற்றிவிட்டேன், டைனமிக் பேலன்ஸ்தான் இன்னும் சரிவரவில்லை, சுற்றினால் தலை லேசாக ஆடுகிறது.

மானிட்டர் கைக்கு வரும் வரை பழைய செட்டப்தான். ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம், பந்தி ஷாட்டும் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை கறுப்பானால் சேற்றில் விழ மாட்டேன், சாம்பார் வாளியில்தான்.

பழைய_பச்சைத்திரை

வாளி இருக்கிற பக்கம் ஸ்பாட்டரை நிறுத்துங்க தம்பி. ரெக்கார்டரைப் பின்னால் போட்டால் பேட்டரியை ஒரு விரற்கடை முன்னால் தள்ள வேண்டும், தள்ளினீர்களா?