பிரீடிங் (இனப்பெருக்கம்) முடிந்த பெண் ஃபைட்டர் மீனை மறுபடி கூட்டத்தில் விட்டவர்கள் எழுதுங்கள்

இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத் தொட்டி. சுமார் 85 லிட்டர். ஆறு பெண் ஃபைட்டர்கள் (பெட்டா மீன்கள்) சண்டையில்லாமல் இருக்கும். ஒன்றை பிரீடிங்குக்கு எடுத்து, பத்து நாள் கழித்துத் திரும்ப விட்டால் அன்றைக்கே வால் கிழிகிறது. இதைச் சமாளித்தவர்கள் நாள் கணக்கோடு சொல்லுங்கள்.

—

அவள் திரும்பி வரும்போது மற்ற ஐந்துக்கும் அவள் புது மீன். யார் முதலில் தின்பது, யாருக்கு எந்த மூலை என்ற வரிசை அதற்குள் மாறியிருக்கும். ஆகவே அவளை மட்டும் விடவே கூடாது. எல்லாவற்றையும் வாளிக்கு மாற்றுங்கள், மூடி போட்டு, இல்லையென்றால் குதித்துவிடும். செடி, கட்டை, சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு முதலில் அவளை விடுங்கள். அரை மணி கழித்துச் சாதுவான மீன்கள், கடைசியாக அதிகம் அடிக்கிற மீன்.

செடிதான் பாதி வேலை. தாய்லாந்தின் வயல் நீரில் சண்டையில் தோற்ற மீன் புல்லுக்குள் ஓடி மறைந்துவிடும். கண்ணாடிக்குள் ஓட இடமில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனை தெரியாத அளவுக்கு ஹார்ன்வொர்ட், ஜாவா மாஸ், மேலே மிதக்கும் செடி வேண்டும். தீனியை இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

செவுளை விரித்து இரண்டு விநாடி துரத்தி விட்டுவிட்டால் கவலை இல்லை. ஒரு மீன் மேல் மூலையிலேயே நின்று, தீனிக்கும் வராமல், உடம்பில் நீளவாட்டில் கோடு காட்டினால் உடனே பிரியுங்கள். அடிபட்டதை எடுப்பதைவிட அடிக்கிறதை எடுப்பது நல்லது. முன்னதை எடுத்தால் அடுத்த பலவீனமான மீனுக்கு அடி விழும்.

—

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நீளவாட்டுக் கோடு பயம்; குறுக்குக் கோடு இனப்பெருக்கத் தயார்நிலை. இதைக் குழப்பி, தயாராகாத பெண்ணை ஆணோடு விடுவதால்தான் அவள் கந்தலாகி வெளியே வருகிறாள். வயிறு உருண்டு, அடியில் வெள்ளைப் புள்ளியும் தெரிய வேண்டும்.

பிரீடிங் தொட்டியில் தண்ணீர் 10 முதல் 15 செ.மீ. போதும், 27 அல்லது 28 டிகிரி. ஆண் நுரைக்கூடு கட்ட, பாதியாக வெட்டிய தெர்மாகோல் கப், ஒரு பாதாம் இலை, மூலையில் கொஞ்சம் மாஸ். பெண்ணை அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை நிறுத்தி அதற்குள் விடுங்கள். ஆண் நுரைக்கூடு கட்டி, இவளும் குறுக்குக் கோடு காட்டிய பிறகு பாட்டிலைத் தூக்குங்கள். முட்டை முடிந்ததும் ஆண் அவளை விரட்டும். அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ஒரு இரவு விட்டால் அடிதான். பிறகு பாதாம் இலை போட்ட தனித் தொட்டியில், துடுப்பு ஆறும் வரை ஓய்வு. கிழிந்த வாலோடு கூட்டத்தில் விட்டால் அந்த வாலைத்தான் கொத்தும்.

—

குஞ்சிலிருந்தே யோசித்தால் இந்தச் சிக்கல் குறையும். ஒரே ஈட்டில் பிறந்து, பிரிக்காமல் வளர்ந்த பெண்கள்தான் நன்றாகச் சேர்ந்திருக்கும். கடையில் ஆறு தனி பாட்டிலிலிருந்து வாங்கிய ஆறு அப்படி இருக்காது.

முட்டை 24 முதல் 48 மணி நேரத்தில் பொரியும். அந்த நாட்களில் இரவிலும் சின்ன விளக்கு எரியட்டும், விழும் குஞ்சை ஆண் பார்த்து எடுத்துக் கூட்டில் வைக்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் நேராக நீந்தும். அன்றே ஆணை எடுங்கள். முதல் தீனி இன்ஃபுசோரியா (தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள்), பிறகு அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (பொடி உப்புநீர் இறால்). காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகும் வாரங்களில் தொட்டியை மூடியே வையுங்கள், ஏசி அறையில் கட்டாயம்.

ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கியதும் ஆண்களை மட்டும் பாட்டிலுக்கு மாற்றுங்கள். பெண்கள் அங்கேயே இருக்கட்டும். பிளகாட் என்ற குட்டைத் துடுப்பு வகையில் கவனம்: இளம் ஆணுக்கும் துடுப்பு குட்டை, சிலவற்றுக்கு வெள்ளைப் புள்ளியும் இருக்கும். கண்ணாடி காட்டுங்கள், செவுளுக்குக் கீழே தாடி போன்ற சவ்வு பெரிதாக விரிந்தால் அதைப் பெண்களோடு விடாதீர்கள்.