எல்ஃப், டீமன்: அப்பத்தாவுக்கு எப்படிச் சொல்வது?

அண்ணன், அக்காமாருக்கு வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். கரண்ட் இருக்கும் இரவுகளில் அப்பத்தாவும் நானும் ‘ஃபிரீரன்’ என்ற அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) பார்க்கிறோம், ஒரு நாளைக்கு ஓர் எபிசோடு. 2023இல் வந்த முதல் சீசன், மொத்தம் 28. இப்போது ஏழு முடிந்திருக்கிறது. சப்டைட்டிலை நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறேன். சிக்கலும் அங்கேதான்.

கதாநாயகி ஃபிரீரன் ஓர் எல்ஃப், அதாவது நீண்ட காதும் மிக நீண்ட ஆயுளும் உள்ள மாய இனத்தவள். எல்ஃபுக்கு வார்த்தை கிடைக்காமல், முதல் நாள் இந்த ஊர் வழக்கப்படி ‘நாட் சாமி மாதிரி’ என்று சொல்லிவைத்தேன். (நாட் என்பது பர்மியர் கும்பிடும் ஆவிகள், பலரும் துர்ச்சாவு செத்தவர்கள்.) “அப்போ துர்ச்சாவு செத்தவளா?” என்று அப்பத்தா கேட்டுவிட்டார். அவளோ 1000 வருடத்துக்கு மேல் உயிரோடிருப்பவள்! கூடவே 10 வருடம் பயணம் செய்த மனித வீரன் ஹிம்மெலைச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லையே என்று அவனை அடக்கம் செய்யும்போது அவள் அழ, அப்பத்தாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (ஒன்றுமே நடக்காத கதை என்று தம்பி எழுந்து போய்விட்டான். அவனை விடுங்கள்.)

கதையில் மனிதரைக் கொன்று தின்னும் டீமனை ‘அசுரன்’ என்றேன், அது இன்னும் மோசம். அசுரன் தவமிருந்து வரம் வாங்குவான், மகாபலி மாதிரி வாக்கையும் காப்பாற்றுவான். கதையில் வரும் ஒரு டீமன் குட்டி ‘அம்மா’ என்று கூப்பிடுவதே உயிர் தப்பத்தான். அம்மா என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. “அசுரன் இப்படிச் செய்ய மாட்டானே” என்று அப்பத்தா ஒரே பிடிவாதம்.

இரண்டுக்கும் பொருத்தமான தமிழ்ச் சொல் இருந்தால் சொல்லுங்கள். நாளை இரவு எட்டாவது எபிசோடு, கரண்ட் வந்தால்.