ஐ.வி.எஃப். நடக்கும்போதே பி.எட். சேரலாமா? விவரம் தெரிந்தவர்கள் பகிரவும்

குழந்தைக்காக ட்ரீட்மெண்டில் இருப்பவர்கள், வேலையை மாற்ற நினைத்து முப்பதுகளின் நடுவில் பி.எட். சேரப் பார்க்கிறார்கள். படிப்பை முடித்துவிட்டு சிகிச்சையா, சிகிச்சை முடிந்து படிப்பா, இரண்டும் சேர்த்தா? சொந்தக் கதை வேண்டாம். நடைமுறை மட்டும் எழுதுங்கள்.

அட்டெண்டன்ஸ் அக்கா

முதலில் கணக்கைப் பாருங்கள். ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலின் (என்.சி.டி.இ.) 2014 விதிப்படி பி.எட். இரண்டு வருஷம். வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள். வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளியில் போய்ப் பாடம் எடுக்கும் இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். அதாவது சாதாரண நாட்களில் வருஷத்துக்கு 40 நாள் வரை கையில் இருக்கிறது. இது தாராளம். சிக்கல் இன்டர்ன்ஷிப்பில்தான். இரண்டாம் வருஷத்தில் 16 வாரம், வாரம் ஐந்து நாள் என்றால் 80 நாள். அதில் விட முடிந்தது 8 நாள். ஒரு ஐ.வி.எஃப். சுற்றே அந்த எட்டையும் தின்றுவிடும். ஆகவே சேரும்போதே கல்லூரி ஆபீஸில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இன்டர்ன்ஷிப் எந்த மாதம் தொடங்குகிறது என்பது. அடுத்தது, காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் அரை நாள் ஆப்சென்ட் போடுவார்களா என்பது. ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு முழு நாள் லீவைவிட இந்த அரை நாள்கள்தான் சத்தமில்லாமல் சேரும்.

சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் முடித்தால் போதும் என்றும் விதி இருக்கிறது. பிரசவம் குறுக்கே வந்தாலும் சீட் வீணாகாது, ஒரு வருஷம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

ஊசி நேரம்

எந்தெந்த நாள் போகும் என்று விவரமாகச் சொல்கிறேன். பீரியட்ஸ் 2 அல்லது 3-ம் நாள் ஸ்கேன் பார்த்து, முட்டை வளர ஊசி ஆரம்பிப்பாங்க. 8 முதல் 12 நாள் தினமும் ஊசி, சாயங்காலம் ஒரே நேரத்தில் வீட்டிலேயே போட்டுக்கலாம். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு ஸ்கேன், ஆக நாலைந்து தடவை போகணும். காலை ஏழு மணிக்கு ஸ்கேன் தொடங்கும் சென்டராகப் பார்த்துச் சேர்ந்தால் பாதி நாள் மிச்சம். முட்டையை முதிர வைக்கிற கடைசி ட்ரிக்கர் ஊசி மட்டும் நிமிஷக் கணக்கு: முட்டை எடுப்பதற்கு 34 முதல் 36 மணி நேரம் முன்னாடி. புதன் காலை 9 மணிக்கு எடுக்கணும்னா திங்கள் இரவு 9.30-க்குப் போட்டிருக்கணும். ஹாஸ்டலில் அசைன்மென்ட் எழுதிக்கிட்டே மறந்து பதினொன்றரைக்குப் போட்டால், முட்டை சரியாக முதிராமலே எடுக்க வேண்டி வரும். தவறிடுச்சுன்னா உடனே போன் பண்ணிச் சொல்லிடணும், எடுக்கிற நேரத்தை மாத்த வாய்ப்பிருக்கு.

முட்டை எடுக்கிறது மயக்க மருந்து கொடுத்து. அன்றைக்கும் மறுநாளும் லீவு போட்டுடுங்க. அதுக்கப்புறம் வயிறு உப்பி, ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைஞ்சா அது ஓ.எச்.எஸ்.எஸ்., அதாவது ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படுறது. "டெஸ்ட் முடிச்சிட்டுப் போறேன்" கதையெல்லாம் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்கணும். சில பேனா ஊசிகளுக்கு 25 டிகிரி வரை வெளியே வைக்கலாம்னு லீஃப்லெட்டில் போட்டிருக்கும். மே மாதம் வேலூரில் எந்த ரூம் 25 டிகிரி? ஃபிரிட்ஜ்தான். ஃப்ரீசர் பக்கத்தில் வைக்காதீங்க. உறைஞ்சா மருந்து கெட்டுப்போச்சு. பஸ்ஸில் கொண்டு போகும்போது ஐஸ் பேக்கை ஒரு துணியில் சுத்தி, மருந்தில் நேராகப் படாம வைங்க.

என் அபிப்பிராயம்: 35 நெருங்குறவங்க படிப்பு முடியட்டும்னு முட்டை எடுக்கிறதைத் தள்ளிப்போடக் கூடாது. வயசு முதல்ல பாதிக்கிறது முட்டையை, கருப்பையை அவ்வளவு இல்லை. கல்லூரி திறக்கறதுக்கு முன்னாடி எடுத்து எம்ப்ரியோவா (கருவா) உறைய வெச்சிட்டா, டிரான்ஸ்ஃபரை, அதாவது அதைக் கருப்பைக்குள் வைக்கிறதை, லீவில் வெச்சுக்கலாம். செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 சட்டப்படி பத்து வருஷம் வரை சேமிக்கலாம், வருஷா வருஷம் கட்டணம் உண்டு. உறைந்த எம்ப்ரியோவுக்கு ரெண்டு மூணு ஸ்கேன், டிரான்ஸ்ஃபர் ஒரு நாள், அவ்வளவுதான். அதுக்கப்புறம் படுத்தே கிடக்கணும்னு சொல்றது பழைய பழக்கம், பலன் இல்லை.

கணக்குப்பிள்ளை

ஐந்தாம் நாள் எம்ப்ரியோ என்றால் டிரான்ஸ்ஃபர் தேதியோடு 261 நாள் கூட்டுங்கள், பிரசவ தேதி வரும். மே 10-ல் வைத்தால் ஜனவரி 26. மசக்கை அதிகம் படுத்தும் காலம் ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை. அந்த வாரங்களில் 40 பிள்ளைகள் முன்னால் நின்று டீச்சிங் பிராக்டிஸ் எடுக்க முடியுமா என்று யோசித்துத் தேதி குறியுங்கள்.

பணம்: பெரும்பாலான மெடிக்கல் பாலிசிகளில் குழந்தையின்மை சிகிச்சை விலக்கு. பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் 17 என்ற பகுதியைப் படித்தாலே தெரிந்துவிடும். எனவே கையிருப்பைச் சிகிச்சைக்கு ஒதுக்கி, படிப்புக்குக் கல்விக் கடன் கேட்பது மேல். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடும் என்பதை மறக்க வேண்டாம். இந்த வட்டிக்கான வரிச் சலுகை பழைய வருமான வரி முறையில் மட்டுமே.

தேன்மொழி

தொலைதூரக் கல்வியில் பி.எட். போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

அட்டெண்டன்ஸ் அக்கா

முடியாது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் தொலைதூர பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான். வெறும் டிகிரி வைத்திருப்பவர் நேரடி வகுப்புக்குத்தான் வர வேண்டும். "கல்லூரிக்கே போக வேண்டாம், அட்டெண்டன்ஸ் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடங்கள் உண்டு; அங்கே வாங்கும் பட்டத்துக்குப் பின்னால் வம்புதான். ரெக்கார்டு, லெசன் பிளான் நோட்டுகளை மட்டும் வீட்டில் எழுதலாம். முட்டை எடுத்த மறுநாள் அதற்கு ஏற்ற நாள்.

எக்ஸ்ரே ரூம்

பி.எட். இல்லாமல் ரேடியோகிராஃபி (எக்ஸ்ரே எடுக்கும்) டிப்ளமா பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பம் உறுதியானதும் ரேடியேஷன் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும். அதன்பின் கருவுக்கு எட்டும் கதிர்வீச்சு அளவு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது. டிரான்ஸ்ஃபருக்குப் பிறகான இரண்டு வாரமும் சி-ஆர்ம் (அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் கருவி) உள்ள ஆபரேஷன் தியேட்டர் போஸ்டிங்கைத் தவிர்த்து, தடுப்புக்குப் பின்னாலிருந்து கருவியை இயக்கும் கன்சோல் பக்கம் கேட்டு வாங்குங்கள்.

ஊசி நேரம்

காலேஜில் என்ன சொல்றதுன்னு இன்பாக்ஸில் நிறைய பேர் கேட்கறாங்க. சர்டிஃபிகேட்டில் ஐ.வி.எஃப்.னு எழுதியே ஆகணும்னு இல்லை. "மயக்க மருந்து கொடுத்துச் செய்த சிறு சிகிச்சை, இரண்டு நாள் ஓய்வு தேவை"ன்னு டாக்டர் எழுதினால் போதும். முட்டை எடுத்த அன்றைக்கே டிஸ்சார்ஜ் ஷீட்டோட சேர்த்துக் கேட்டு வாங்கிடுங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் போனா சீல் போட ஆள் தேடணும்.