கென்யாவில் காது மெஷின் மாட்டும் முகாம்: போகலாமா, வேண்டாமா?

குடியாத்தம் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். காது, பேச்சுக் குறைபாடுகளுக்கான பி.ஏ.எஸ்.எல்.பி. பட்டப்படிப்பு முடித்து, இன்டர்ன்ஷிப்பும் முடிந்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவும் கைக்கு வந்துவிட்டது. இப்போது வேலூரில் ஒரு கிளினிக்கில் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துகிற வேலை. கூடப் படித்த அக்கா ஒருவர் மூலமாக ஓர் அழைப்பு வந்திருக்கிறது. கென்யாவில் கிசுமு பக்கம், விக்டோரியா ஏரிக்கரை ஊர்களில் இரண்டு வாரம் இலவசக் காது மெஷின் முகாம். தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, விமான டிக்கெட் நம் கைக்காசு.

எங்கள் அப்பா தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே காலம் போய் அவருக்கே காது மந்தம். அவர் டிவி போட்டால் தெருவுக்கே செய்தி கேட்கும். "நானே மாட்டிக்க மாட்டேங்கிறேன், நீ ஆப்பிரிக்காவுல போய் யாருக்கு மாட்டப் போற?" என்று கேலி பண்ணுகிறார். அம்மாவுக்கு மலேரியா பயம்.

என் சந்தேகம் வேறு. இரண்டு வாரம் மாட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டால் அது நிஜமாகவே உதவிதானா? இப்படி முகாமுக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதைக் கற்றுக்கொண்டு போகணும், பெட்டியில் என்ன வைக்கணும் என்பதும் தெரிந்தால் நல்லது.

பாலாற்று மணல்:

டிக்கெட் காசுக்குப் பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கம் எத்தனை பேருக்கு மெஷின் வாங்கித் தரலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை மனுநாளில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் தெரியும், நம் ஊரில் காது கேட்காதவர்கள் குறைவா என்று. வெளிநாடு போனால்தான் சேவையா?

மோல்டு மாமா:

பாலாற்று மணல் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு வருகிறேன். இங்கே மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. தகுதி இருந்தால் மெஷின் இலவசமாகவே கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில், கான்பூரில் உள்ள அரசு நிறுவனமான அலிம்கோவின் மெஷினும் வருகிறது. அலைச்சல் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போய்த் தட்ட ஒரு கதவு இருக்கிறது. நான் பார்த்த ஏரிக்கரை ஊர்களில் அந்தக் கதவே கிடையாது. 2021ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட அறிக்கையில், உலகத்தில் 43 கோடிப் பேருக்குக் காதுக்கான சிகிச்சையோ கருவியோ தேவை, அதில் 80 சதவீதம் பேர் வசதி குறைந்த நாடுகளில் இருக்கிறார்கள் என்று இருக்கிறது. அதனால் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன் பாப்பா. யாரோடு போகிறாய் என்று பார்.

நான் காது மோல்டு செய்யும் டெக்னீஷியன். மோல்டு என்றால் அவரவர் காது அளவுக்கே செய்து, மெஷின் சத்தத்தைக் காதுக்குள் கொண்டுபோகும் துண்டு. வேலூரில் இதே தொழிலில் தலை நரைத்தவன். நீ சொல்லும் கிசுமு பக்கமே ஒரு குழுவோடு போயிருக்கிறேன். தகரக் கூரை போட்ட பள்ளிக்கூட ஹால், வாசல் வரை வரிசை. காலையிலிருந்து மெஷின் மாட்டிக்கொண்டே இருக்கிறோம். எங்களோடு வந்த பையன் ஒருவன், முகத்தில் சிரிப்பு வரும்வரை வால்யூமைத் திருகுவான், சிரித்ததும் போட்டோ எடுப்பான். மத்தியானம் மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த முதல் சடசடப்பிலேயே அவன் மாட்டிவிட்ட பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் காதைப் பிடித்துக்கொண்டு மெஷினைப் பிடுங்கி எடுத்தார்கள். ஒரு பாட்டி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டார். திரும்பக் காதில் வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

வருஷக்கணக்கில் சத்தமே போகாத காதுக்கு முதல் நாளே முழு வால்யூம் கொடுக்கக் கூடாது. குறைவாக வை. முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போட்டுப் பழகட்டும். அப்புறம் ஏற்றணும். அந்த 'அப்புறம்' வரும்போது நீ விமானத்தில் இருப்பாய். அங்கேதான் சிக்கலே.

ஆகவே கூப்பிட்டவர்களுக்கு முதலில் ஒரு கடிதம் எழுது. நாங்கள் கிளம்பிய பிறகு அந்த ஊரில் யார் இருப்பார்கள், எந்தக் கட்டிடத்தில், எந்தக் கிழமையில் என்று கேள். "உள்ளூர் பார்ட்னர் இருக்கிறார்" என்று பொத்தாம்பொதுவாகப் பதில் வந்தால் விடாதே. பேட்டரி விஷயத்தையே பார். நல்ல பவர் மெஷினுக்கு நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675 போடுவோம். ஒரு பேட்டரி இரண்டு வாரம் ஓடினாலே பெரிது. இரண்டு காதுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 50க்கு மேல் வேண்டும். முகாமில் ஒரு அட்டை இனாமாகக் கொடுப்பார்கள். அது தீர்ந்ததும் அடுத்தது வாங்கக் கிசுமு டவுனுக்கே பஸ் ஏறணும் என்றால் மெஷின் பரணுக்குப் போய்விடும். ஸ்டிக்கரைப் பிரித்தால் மெஷினில் போடாவிட்டாலும் பேட்டரி தீர்ந்துபோகும் என்பதையும் அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. அட்டை முழுக்கப் பிரித்து டப்பாவில் அழகாக அடுக்கி வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மோல்டும் அப்படித்தான். மெஷினையும் மோல்டையும் இணைக்கும் ட்யூப் சில மாதத்தில் மஞ்சளாகி விறைத்துப்போகும், சுருங்கும், கீச்சென்று கத்தும். வளரும் பிள்ளைக்கு மோல்டே சில மாதத்தில் லூசாகிவிடும். இதைச் சரிபண்ண டாக்டர் வேண்டாம். ட்யூப் மாற்ற, மோல்டுக்காகக் காதின் அச்சு எடுக்க, அடைத்த குறும்பியை மோல்டிலிருந்து தள்ள, அங்கே உள்ள ஒரு நர்ஸுக்கோ பள்ளி வாத்தியாருக்கோ பழக்கலாம். 2024ல் உலக சுகாதார நிறுவனமே, ஆடியாலஜிஸ்ட் இல்லாத இடத்தில் பயிற்சி கொடுத்த மற்றவர்களை வைத்துக் காது மெஷின் சேவை நடத்தலாம் என்று வழிகாட்டி போட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டு வாரத்தில் ஒரு வாரம் அந்த நர்ஸுக்குத்தான். எண்ணிக்கை குறையும், பேனரில் போடும் நம்பர் சின்னதாகும். ஆகட்டும்.

அப்புறம், வரிசையில் ஜனம் நிற்கிறதே என்று ஆட்டோஸ்கோப் விளக்கை வைத்துக் காதுக்குள் பார்க்காமல், அச்சு எடுக்கும் சிலிக்கோன் சிரிஞ்சைத் தூக்காதே. இதெல்லாம் நீ படித்திருப்பாய். ஆனால் அவசரத்தில் படித்தது முதலில் பறக்கும். நூல் கட்டிய ஸ்பாஞ்ச் அடைப்பைக் காதுக் குழாயின் இரண்டாவது வளைவு தாண்டி உட்கார வை, அதன் பிறகுதான் சிலிக்கோன். அடைப்பு இல்லாமல் விட்டால் அது செவிப்பறையில் போய் ஒட்டும். பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள்ளேயே போய் இறுகிவிடும், அதை எடுக்க ஆபரேஷன்தான். அங்கே சீழ் வடியும் காது நிறைய வரும். அதை மோல்டு வைத்து அடைத்தால் இன்னும் வடியும். அவர்களை மெஷின் வரிசையிலிருந்து எடுத்து ஈ.என்.டி. டாக்டரிடம் அனுப்பு. முகாமில் டாக்டரே இல்லை என்றால் அந்த முகாமுக்குப் போகாதே.

காது கேளாதோர் பள்ளிக்கும் கூட்டிப் போவார்கள். பதினைந்து வயசுப் பிள்ளைகள் கையாலேயே கென்ய சைகை மொழியில் அவ்வளவு வேகமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும். பிறந்ததிலிருந்து சுத்தமாகக் கேட்காத பிள்ளைக்கு அந்த வயதில் மெஷின் மாட்டினால் பேச்சு வந்துவிடாது. ஹாரன் சத்தம் தெரியும், அது ஒரு உபயோகம். அதற்கு மேல் அந்த அப்பா அம்மாவுக்கு ஆசை காட்டாதே.

ஆம்பூர் அம்மா:

மாமா சொல்வது இங்கேயும் நடப்பதுதான். என் மகனுக்கு நாலு வயதில் ஒரு முகாமில் மெஷின் கொடுத்தார்கள். மேளதாளம், மாலை, எல்லாம் உண்டு. இரண்டு மாதத்தில் கீச்சு கீச்சென்று சத்தம். கொடுத்தவர்களுக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. கடைசியில் வேலூருக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து புது மோல்டு போட்ட பிறகுதான் பிள்ளை மறுபடி "அம்மா" என்று திரும்பிப் பார்த்தான். எனக்கு வேலூர் பஸ் தூரம். அந்த ஊர் அம்மாக்களுக்கு எது பஸ் தூரம் என்று கேட்டுவிட்டுப் போம்மா.

காட்பாடி ஜங்ஷன்:

நடைமுறை விஷயம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் போடுங்கள். கென்யா போய்த் திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தியாவில் இறங்கியதும் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரை டாக்டரைக் கேட்டு வாங்குங்கள், கிசுமு பக்கம் மலேரியா உள்ள இடம்தான்.

கென்யாவுக்கு 2024லிருந்து விசாவுக்குப் பதில் இ.டி.ஏ. என்று ஆன்லைன் அனுமதி. ஆனால் சுற்றுலா என்று போட்டு வாங்கிக்கொண்டு நோயாளிக்குச் சிகிச்சை பார்க்க உட்காராதீர்கள். உங்கள் ஆர்.சி.ஐ. பதிவு நம் நாட்டு எல்லையோடு சரி. அங்கே வேலை பார்க்கும் அனுமதியைக் கூப்பிட்டவர்கள்தான் வாங்கித் தரணும். பேட்டரி எல்லாம் கைப்பையில் வையுங்கள். மெஷின் நிறைய எடுத்துப்போனால் சுங்கத்தில் காட்ட நன்கொடைக் கடிதம் வேண்டும்.

குடியாத்தம் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. மாமா சொன்னபடியே கேட்டு எழுதினேன். கிசுமுவில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள் காது கிளினிக் நடக்கிறதாம், இரண்டு நர்ஸ்கள் பொறுப்பாம். ஈ.என்.டி. டாக்டர் முகாமுக்கு வருகிறார். ஆனால் மோல்டு செய்ய அங்கே ஆள் இல்லை, அச்சை நைரோபிக்கு அனுப்புகிறார்களாம். அனுமதிக் கடிதம் வந்தால்தான் டிக்கெட் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். எனக்கு சுவாஹிலியும் தெரியாது, அந்தப் பக்கத்து லுவோ மொழியும் தெரியாது. மாட்டிய பிறகு பேச்சு கேட்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மோல்டு மாமா:

அனுமதி வந்ததும் போய் வா. வாரம் ஒரு நாள் கிளினிக் என்பது நான் எதிர்பார்த்ததை விட நல்ல பதில்.

மொழிக்கு லிங் ஒலிகள் ஆறு போதும். ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ். பேச்சில் வரும் கனத்த சத்தம் முதல் மெல்லிய சத்தம் வரை அதற்குள் அடங்கும். வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, வரிசை மாற்றி மாற்றிச் சொல். திருப்பிச் சொல்ல வேண்டாம், கேட்டால் கை தூக்கினால் போதும். 'ஸ்' மட்டும் தெரியவில்லை என்றால் மெஷினில் உச்ச ஸ்தாயி பற்றவில்லை, ட்யூபையும் பார்த்துவிடு. ஆனால் கழற்றுவது, துடைப்பது, பேட்டரி போடுவது எல்லாம் நர்ஸ் அவர்கள் மொழியில் சொல்லட்டும், நீ பக்கத்தில் நில். நோயாளி தன் கையாலேயே மாட்டிக் காட்டிய பிறகுதான் எழுந்து போக விடணும்.

பெட்டியில் புது மெஷினை விட ட்யூப் சுருள், ட்யூப் இழுக்கும் கம்பி, ஊதும் பல்பு, சிலிக்கா ஜெல் பொட்டலம், மெஷின் சத்தத்தை நாமே கேட்டுப் பார்க்கும் ஸ்டெதோக்ளிப் எல்லாம் நிறைய வை. அந்த நர்ஸ்களிடம் விட்டுவிட்டு வருவதற்கு.

நைரோபிக்கு அச்சு அனுப்பி மோல்டு திரும்பி வருவதற்குள் நாளாகிவிடும். கிளம்பும் முன் சனிக்கிழமைகளில் எங்கள் லேபுக்கு வா, இருந்த இடத்திலேயே மோல்டு செய்யக் கற்றுத் தருகிறேன். முதல் அச்சு எடுத்துப் பழக உன் அப்பாவைக் கூட்டி வா, அவர் காதும் பார்த்த மாதிரி ஆச்சு. நல்ல துணி போட்டு வராதே, சிலிக்கோன் ஒட்டினால் போகாது.