மறு: ஸ்க்ரோல் சாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

> 'சுருள்வாள்' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் ஐயா,

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய அலகு (பிளேடு) ஏறி இறங்கி, பலகையில் நுணுக்கமான வளைவுகளை அறுக்கும் மேசை ரம்பம். அதற்குப் பெயர் வைப்பதில் சுருக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே சிலம்பக்காரர்களிடம் இருக்கிறது. இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு வளைகிற ஆயுதம் அது. வியாசர்பாடியில் சிலம்பம் பழகும் பையனிடம் சுருள்வாள் என்றால் மரவேலை அவன் நினைவுக்கே வராது. தவிர, 'ஸ்க்ரோல்' என்பது ரம்பத்தின் வடிவம் இல்லை. அந்த ரம்பம் அறுத்தெடுக்கும் கொடிச்சுருள் அலங்காரம்.

இன்னொருவர் சொன்ன 'நெளிரம்பம்' வினைத்தொகை. பிரித்தால் நெளிகின்ற ரம்பம். இங்கே அலகு நெளிவதில்லை. நின்ற இடத்திலேயே முக்கால் அங்குல அளவுக்கு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். மரத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பது நம் கை.

என் பரிந்துரை: பூவேலை ரம்பம். பூவேலை என்ற சொல் ஆசாரிகள் வாயில் இன்றும் இருக்கிறது. இந்த இயந்திரத்தின் தனித்திறனும் அதுதான். மரத்தின் நடுவில் சின்னத் துளை போட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து, மறுபடி பூட்டி, ஓரத்தைத் தொடாமலே உள்ளே அறுக்கலாம். பட்டை ரம்பத்தில் (பேண்ட் சா) இது நடக்காது. அதன் அலகு மூடிய வளையம். கையில் பிடித்து அறுக்கும் ஜிக்சாவால் முடியும், ஆனால் அலகு தடிமன், இலை நரம்பு அளவுக்கு நுணுக்கம் வராது. பெயர்ப்பலகை எழுத்தையும் இதில் வெட்டுகிறோமே என்று கேட்கலாம். வெட்டட்டும், பெயர் முதன்மை வேலையைச் சொன்னால் போதும்.

அலகுகளுக்கும் இப்போதே பெயர் வைத்துவிடலாம். இரு முனையிலும் குறுக்கே ஆணி உள்ளது ஆணி அலகு, ஆணி இல்லாதது மொட்டை அலகு. வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியதே இதைத்தான். ஆணி அலகை மாட்டுவது சுலபம், ஆனால் ஆணி நுழைய அகலமான துளை வேண்டும்; நுண்ணிய உள்வெட்டுக்கு அது ஆகாது. ஆணி அலகு மட்டுமே ஏற்கும் மலிவான இயந்திரத்தை வாங்காதீர்கள். இரண்டையும் ஏற்பதாக, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு இருக்கட்டும். சுற்றிலும் பல் உள்ள முறுக்கிய வகைக்கு முறுக்கு அலகு.

அலகிலிருந்து பின்தூண் வரையான தூரத்தைக் 'கைநீட்டம்' எனலாம். 16 அங்குலம் வீட்டு வேலைக்குத் தாராளம். மொட்டைமாடி அறையில் ஒரு மேசை மூலை போதும். வட்ட ரம்பம் போல அலறாது, பக்கத்து வீட்டாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். காசிமேட்டுக் கடற்காற்றுக்கு அலகு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள்.

புதிதாகப் பழகுவோர் கவனிக்க: நேர்கோட்டில் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கம் ஒதுங்கும். இயந்திரக் கோளாறு இல்லை. ஆலையில் அலகுக்குப் பல் வெட்டும்போதே அதன் ஒரு பக்கத்தில் பிசிறு தங்கிவிடுகிறது, அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். மரத்தை மேசைமேல் கொஞ்சம் கோணமாகத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும். இதற்கு 'ஒதுக்கம்' என்று வைக்கலாமா?

அப்புறம், அலகை இழுத்துக் கட்டும் அளவு. விரலால் தட்டினால் தம்புரா தந்தி மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் தளர்ந்திருக்கிறது, கோடு தப்பும். இயற்பியலில் இதற்கு 'இழுவிசை' இருக்கிறது. பட்டறையில் அது ஒட்டாது. நான் 'விறைப்பு' என்று எழுதி வருகிறேன். இதைவிட நல்ல சொல் உங்கள் பக்கத்து ஆசாரிகளிடம் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.