தோற்கிற அணிக்கு வாத்தியார் தேடிப் போன அனுபவங்கள்

திசையன்விளைப் பக்கத்திலிருந்து:

இங்கிலாந்தில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு இத்தனை கோடியா என்று இங்கே ஒருவர் வாயைப் பிளந்திருந்தார். கோடியை விடுங்கள். மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு வாத்தியாரைக் கூட்டிவர நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

2011-ஆம் ஆண்டு. எங்கள் மைதானம் தேரியை ஒட்டிய செம்மண் வெளி. ஆடிக் காற்றில் கோல் கிக் அடித்தால் பந்து அடித்தவன் காலுக்கே திரும்பி வரும். அந்த ஆண்டு தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றிருந்தோம். கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் போட்டிக்கு நான்கு மாதம் இருந்தது. சொந்த ஊர்க் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறினால் பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் எல்லாம் சிரிக்கும். கமிட்டி கூடியது. பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார், அவர் வந்தால் கரையேறிவிடலாம் என்றார்கள். நான் பொருளாளர், ஆகவே தூது போவதும் என் தலையில் விழுந்தது.

சமாதானபுரம் பக்கம் வீடு. இரண்டு கிலோ கருப்பட்டியோடு நானும் இன்னொருவரும் போனோம். சார் திண்ணையில் உட்கார்ந்து பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பம்பின் ஊசியை நாக்கில் ஒரு தடவை நனைத்து, வால்வில் மெதுவாகத் திருகிச் செருகினார். நான்கு அழுத்து அழுத்திவிட்டுக் கட்டைவிரலால் பந்தை அமுக்கிப் பார்த்தார். மறுபடி இரண்டு அழுத்து. நாங்கள் வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் பார்வை பந்தை விட்டு நகரவில்லை.

"கோல் கீப்பர் இருக்கிறானா?" என்பதுதான் முதல் கேள்வி.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீப்பர் விசைப்படகு வேலைக்கு மங்களூர் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. பிடிக்கத் தெரிந்தவன், தெரியாதவன் என்று பார்க்காமல் ஆட்டத்துக்கு ஒருவனை நிறுத்தி வந்தோம்.

சார் சிரித்தார். "அலெக்ஸ் பெர்குசன் தெரியுமா? பின்னால் மான்செஸ்டர் யுனைடெட் அணியில் பெயர் வாங்கிய பயிற்சியாளர். அவர் 1974-ல் முதன்முதலாகப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்து அணி ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயர். முப்பத்திரண்டு வயது, பகுதி நேர வேலை, வாரத்துக்கு 40 பவுண்டு சம்பளம். அந்த அணியிலும் அன்றைக்குக் கோல் கீப்பர் கிடையாது." எங்களுக்குப் போன உயிர் வந்தது.

பிறகு சம்பளப் பேச்சு. "ஆறாயிரம் தருகிறோம் சார்" என்றேன். பேரம் பேசுவார் என்று எட்டாயிரம் வரை போகக் கமிட்டியிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தேன். அவர் ஆறாயிரத்தைத் தொடவே இல்லை. "பதினொரு பேரை எழுதுவது யார் தம்பி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊரில் அணியை எழுதுவது தலைவர். நடு முன்கள ஆட்டக்காரன் தலைவருடைய மகன். அவன் ஓடமாட்டான், பந்து வந்து காலைத் தேடிக்கொள்ள வேண்டும்.

சார் விரல் விட்டுச் சொன்னார். பட்டியலை அவர்தான் எழுதுவார். சம்பளம் ஒன்றாம் தேதி கையில் வந்துவிட வேண்டும். திருவிழா முடியும்வரை, எத்தனை ஆட்டம் தோற்றாலும், வர வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இந்த மூன்றுக்கும் சம்மதம் என்றால் நாலாயிரம் போதும், பஸ் காசு மட்டும் தனி. ஆறாயிரத்தை நாலாயிரமாகக் குறைத்த மனிதரை என் வாழ்நாளில் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் 'டீம் மேனேஜர்' என்றால் ரயில் டிக்கெட் எடுத்து, சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணி, ஜெர்சியைத் துவைக்கப் போடுபவர். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம். யார் ஆடுவது, யாரை வாங்குவது, யாரை விற்பது என்று எல்லாமே ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தன. இப்போது வாங்குவது விற்பதற்குத் தனி இயக்குநர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் தோற்றால் வீட்டுக்குப் போவது பெரும்பாலும் இவர்தான்.

சார் வந்தார். வாரம் நான்கு நாள், திசையன்விளை வரை ஒரு பஸ், அங்கிருந்து மினி பஸ். முதல் வாரமே தலைவர் மகன் வெளியே உட்கார்ந்தான். முதல் மூன்று ஆட்டமும் தோற்றோம். கமிட்டியில் தலைவர் எழுந்து, "நாலாயிரம் கொடுத்துத் தோற்பதற்கு, சும்மாவே தோற்றிருக்கலாமே" என்றார். கைதட்டல். நான் அந்த மூன்றாவது நிபந்தனையை வாசித்துக் காட்டினேன். ஒரு ரூல்டு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அந்தத் தாள் இல்லாவிட்டால் சார் அன்றைக்கே போயிருப்பார்.

திருவிழாப் போட்டியில் அரையிறுதி வரை போனோம். பெனால்டியில் தோற்றோம். மாலை நான்கரைக்கு மைதானத்தில் இருபத்திரண்டு பையன்கள் நின்றது அந்த ஓர் ஆண்டுதான்.

அடுத்த ஆண்டு பக்கத்து ஊர்க்காரர்கள் பத்தாயிரம் கொடுத்து அவரைக் கூட்டிப்போய்விட்டார்கள். அப்போதுதான் பெர்குசன் கதையின் மீதிப் பாதியைத் தேடிப் படித்தேன். அந்தக் கோல் கீப்பர் இல்லாத அணியில் அவர் இருந்தது நான்கு மாதத்துக்கும் குறைவு. 1974 அக்டோபரிலேயே செயின்ட் மிரன் என்ற பெரிய அணி கூப்பிட்டது, போய்விட்டார். சார் எங்களிடம் முன்பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்! 2022-ல் பிரைட்டனிலிருந்து கிரஹாம் பாட்டரைக் கொண்டுபோகச் செல்சி அந்த அணிக்கு 2 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்தது என்று படித்தபோது வயிறு எரிந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை.

பாளையங்கோட்டை, இப்போது இங்கிலாந்து:

அண்ணாச்சி, உங்கள் வயிற்றெரிச்சலை நான் ஓர் ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறேன். 2010-ல் நான் போல்டனில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். கூட வேலை செய்த ஒரு பெரியவர் பர்ன்லி ஊர்க்காரர். அங்கே பட்டியலின் அடியில் முடிக்கும் அணிகளை அடுத்த பருவத்துக்கு ஒரு நிலை கீழே இறக்கிவிடுவார்கள். அவர்கள் அணி 1976-ல் அப்படி முதல் நிலையிலிருந்து இறங்கியது. முப்பத்து மூன்று ஆண்டு கழித்து 2009-ல் ஓவன் காயில் என்ற பயிற்சியாளர்தான் அதைப் பிரீமியர் லீகுக்கு, அதாவது மறுபடி முதல் நிலைக்கு, ஏற்றிவிட்டார். பெரியவர் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் காயிலின் படத்தை ஒட்டி வைத்திருந்தார்.

2010 ஜனவரியில், பருவத்தின் நடுவில், காயில் பர்ன்லியை விட்டுவிட்டுப் போல்டனுக்கே வந்துவிட்டார். ஒரே மாவட்டம் என்று சொல்லலாம், அத்தனை பக்கம். போல்டன் அப்போது கீழே தத்தளித்த அணி. ஆனால் பர்ன்லியை விடப் பணவசதி உள்ள அணி, அவர் ஒரு காலத்தில் ஆடிய அணி. மறுநாள் இரவு பெரியவர் நகத்தால் அந்தப் படத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முழுதாக வரவில்லை, காதும் கொஞ்சம் தலைமுடியும் மூடியிலேயே தங்கிவிட்டன. "யூதாசு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பருவத்தின் முடிவில் பர்ன்லி இறங்கியது. போல்டனும் 2012-ல் இறங்கியது. அன்றைக்குப் பெரியவர் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார்.

இதே காயில்தான் 2019 டிசம்பரில் நம் சென்னையின் அணிக்கு வந்தவர். அவருக்கு முன்னால் இருந்த பயிற்சியாளர் ஜான் கிரிகரி 2017-18 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வாங்கித் தந்தவர். அணி தோற்கத் தொடங்கியதும் விலகிவிட்டார். காயில் வந்தபோது அணி பட்டியலின் அடிப்பக்கம். அங்கிருந்து இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். 2020 மார்ச்சில் கோவாவில், கொரோனா பயத்தால் ஆளில்லாத மைதானத்தில், கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். அதன் பிறகு அவர் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனபோது எனக்குப் பெரியவரின் டப்பா மூடிதான் ஞாபகத்துக்கு வந்தது. 2023-ல் திரும்பச் சென்னைக்கே வந்தார் என்பது வேறு கதை. பெரியவரிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

2025-ல் இந்திய அணியின் பயிற்சியாளர் வேலைக்கு பார்சிலோனா அணியின் முன்னாள் பயிற்சியாளர், ஸ்பெயினின் சாவி விண்ணப்பித்திருக்கிறார், சம்பளம் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள் எனச் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? என் மைத்துனன் டீக்கடையில் அரை மணி நேரம் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பைத் திட்டித் தீர்த்தான். மறுநாள் அந்த மின்னஞ்சலே போலி என்று கூட்டமைப்பு அறிவித்தது. வேலை கடைசியில் காலித் ஜமீலுக்குப் போனது. மும்பை அணி கைவிட்ட பிறகு, மிசோரமின் சின்ன ஐசால் அணிக்குப் போய் 2016-17-ல் ஐ-லீக் என்ற தேசிய லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர். மைத்துனன் இன்னும் சாவி வந்திருப்பார் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

எல்லோரும் கூட்டிவரப் போனவர்களாக எழுதுகிறீர்கள். நான் கூட்டி வரப்பட்டவன். பட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு முடித்தவன். கல்லூரி அணிகளோடு பதினெட்டு ஆண்டு.

வேறு மாவட்டத்தில் ஓர் அணி, பெயர் வேண்டாம். கடைசி இடத்தில் இருந்தது. உரிமையாளர் காரிலேயே வந்து வீட்டு வாசலில் நின்றார். மாதம் இருபத்தைந்தாயிரம், தங்க அறை, முழுச் சுதந்திரம். என் மனைவி மட்டும், "எழுதி வாங்கினீர்களா?" என்று கேட்டாள். பெரிய மனிதரிடம் எப்படித் தாள் கேட்பது என்று நான் கேட்கவில்லை. திசையன்விளை அண்ணாச்சியின் ரூல்டு தாளைப் பற்றிப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முதல் ஆட்டத்தன்று காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம் வந்தது. டைரித் தாளில் பதினொரு பெயர், உரிமையாளர் கையெழுத்து. கீழே ஒரு கும்பிடும் கை. அதுதான் முழுச் சுதந்திரம். இரண்டு மாதம் சம்பளம் வந்தது. மூன்றாவது மாதம் "ஸ்பான்சர் வரட்டும் சார்". நான்காவது மாதம் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஊரில் பேச்சு என்னவென்றால், நான் வந்துதான் அணி கெட்டது.

வெளிநாட்டுச் சம்பளத்தைப் பார்த்து வியக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். தோற்கிற அணி கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு வேலைக்கு, மறு பங்கு கெடப்போகிற பெயருக்கு. அங்கே ஒப்பந்தம் முடிவதற்கு முன்னால் அனுப்பினால் மீதிக் காலத்துக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். இங்கிலாந்துப் பயிற்சியாளர் பிரையன் கிளஃப் 1974-ல் லீட்ஸ் அணியில் இருந்தது 44 நாள். ஆட்டக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை, அனுப்பிவிட்டார்கள். ஆனால் பெரிய தொகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கவலை இல்லாத மனிதன் யாருக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. 1975 ஜனவரியில் இரண்டாம் நிலையில் கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்குப் போனார். தன் விருப்பத்துக்கு அணியை எழுதினார். 1978-ல் லீக் பட்டம். 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை. லீட்ஸ் கொடுத்த அந்தப் பணத்துக்கு இதில் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. 2023-ல் அதே லீட்ஸ், கடைசி நான்கு ஆட்டத்துக்கு மட்டும், அணிகளை இறங்காமல் காப்பாற்றுவதில் பேர்போன சாம் அலர்டைஸைக் கூப்பிட்டது. அணி இறங்காமல் தப்பித்தால் 25 லட்சம் பவுண்டு ஊக்கத்தொகை என்று பத்திரிகைகள் எழுதின. கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் பிரீமியர் லீகில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கே ஏறத்தாழ 10 கோடி பவுண்டு பங்காக வருகிறது. அதை இழப்பதற்கு இது மலிவு. நான்கு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி, அணி இறங்கியது. நான்கு ஆட்டத்தில் யாராலும் யாருக்கும் ஓடக் கற்றுக்கொடுக்க முடியாது. எனக்கு அந்த மனிதர் மேல் கோபமே வரவில்லை.

என் இரண்டு மாதப் பாக்கி இன்னும் வரவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டேன்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து:

வண்ணாரப்பேட்டை சார், தாள் எழுதியது என் புத்திசாலித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். தாளும் பேனாவும் எடுத்து வந்தது அந்தச் சாரின் வீட்டம்மா. அவர்களும் உங்கள் வீட்டைப் போலத்தான்.

போன மாதம் பாளை பஸ் நிலையத்தில் சாரைப் பார்த்தேன். எழுபது தாண்டிவிட்டது, கையில் மருந்துக் கடைப் பை. கும்பிட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "கோல் கீப்பர் கிடைத்தானா?" என்றார்.

"மங்களூரிலிருந்து வந்துவிட்டான் சார். ஆனால் இப்போது அவனுக்குக் குனிய முடியவில்லை, தொப்பை" என்றேன். "அப்படியானால் அவனைத் தலைவர் ஆக்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.