பொருள்: ‘லேக் பிக்மென்ட்’டுக்குத் தமிழ் என்ன? (ஏரி நிறமி வேண்டாம்!)

நீலச்சங்கு | செவ்வாய், இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை நடத்துகிறேன். வெங்காயத் தோல், மஞ்சள், சங்குப்பூ, கரி, செம்மண் என்று கைக்குக் கிடைப்பதிலிருந்து ஓவிய வண்ணம் செய்வது. செய்முறைத் தாளில் ஆங்கிலம், மலாய், சீனம் மூன்றும் தயார். தமிழ்ப் பத்தியைக் கணினியிடம் கொடுத்திருக்கிறார்கள். ‘லேக் பிக்மென்ட்’ என்ற இடத்தில் ‘ஏரி நிறமி’ என்று வந்திருக்கிறது. வியாழன் நண்பகலுக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

செய்முறை இதுதான். வெங்காயத் தோலை வேகவைத்து வடிகட்டுகிறோம். சாயநீரில் படிகாரத்தைக் கரைக்கிறோம். தனியாகக் கரைத்த சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பொங்கும். பொங்கி அடங்கியதும் அடியில் மஞ்சள் சேறு படியும். அதை வடிகட்டிக் காயவைத்து, பொடித்து, பிசின்நீரில் குழைத்தால் வண்ணம். அந்தச் சேற்றுக்குத்தான் பெயர் வேண்டும். வெறும் ‘நிறமி’ போதாதா என்று கேட்காதீர்கள். செம்மண் பொடியும் நிறமிதான், அது அடுத்த வரியிலேயே வருகிறது.

சோதனைக்குழாய் | செவ்வாய், இரவு 10.15

அக்கா, வேதியியலில் இது வீழ்படிவு. சாயம் நீரில் கரையும், நிறமி கரையாது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் சோடாவைச் சந்தித்ததும் கரையாத பொருளாகி விழுகிறது. விழும்போது சாயத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. பொங்குவது கரியமில வாயு. எனவே ‘வீழ்படிவு நிறமி’. முடிந்தது, தூங்கலாம்.

செம்புலம் | புதன், காலை 5.40

முடியவில்லை தம்பி. ‘லேக்’ ஏரியும் இல்லை, வீழ்படிவும் இல்லை. அது அரக்கு. வடமொழியில் லாக்ஷா, இந்தியில் லாக். ஐரோப்பியர் வாயில் அது லேக் ஆனது. அரக்குச் சாயத்தை இப்படிப் படியவைத்து எடுத்ததால் வந்த பெயர், பிறகு மற்றச் சாயங்களுக்கும் பரவிவிட்டது. பெண்கள் காலில் தீட்டிய செம்பஞ்சுக் குழம்பும் அரக்கின் வழிவந்ததே. ஆகவே ‘அரக்கு நிறமி’.

அரக்கு தமிழே. ‘அர்’ என்றால் செம்மை. அரத்தம், அரக்கு எல்லாம் ஒரே வேர். பழைய நூல்கள் பொருள்களை அவை கிடைக்கும் இடத்தால் வகுத்தன; அதில் காட்டில் கிடைக்கும் ‘காடுபடு பொருள்’ ஐந்தில் அரக்கும் ஒன்று. செம்மண் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நம் சிங்கப்பூரின் ‘தானா மேரா’ என்ற ஊர்ப்பெயருக்கே மலாயில் செம்மண் என்றுதான் பொருள். கடலிலிருந்து பார்த்தால் தெரிந்த செம்பாறைகளால் அமைந்த பெயர், 1604ஆம் ஆண்டு வரைபடத்திலேயே இருக்கிறது. குறுந்தொகை 40இன் செம்புலமும் இந்தத் தானா மேராவும் ஒரே சொல் என்று நான் 20 ஆண்டாகச் சொல்லி வருகிறேன், யாரும் கேட்பதில்லை.

மொழிபெயர்ப்பு மேசை | புதன், காலை 9.05

ஐயா, தானா மேராவைப் பிறகு வைத்துக்கொள்வோம். அரத்தம், ரக்தம் என்ற வடசொல்லின் திரிபு என்போரும் உண்டு. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’ என்று, வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி ஏற்கத் தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். அப்படி வந்தாலும் எனக்குக் குறையில்லை. என் சிக்கல் வேறு. தேக்காவில் எந்தப் புடவைக் கடையிலும் ‘அரக்கு’ என்று கேட்டுப் பாருங்கள், கருஞ்சிவப்பை எடுத்துப் போடுவார்கள். வெங்காயத் தோலில் வருவது மஞ்சள். ‘மஞ்சள் அரக்கு நிறமி’ என்று அச்சடித்தால் எந்தப் பெற்றோர் நம்புவார்?

‘வீழ்படிவு நிறமி’யையும் எட்டு வயதுப் பிள்ளையால் ஒரே மூச்சில் வாசிக்க முடியாது.

அஞ்சறைப்பெட்டி | புதன், மதியம் 1.20

ராத்திரியே செஞ்சு பார்த்துட்டேன். காப்பி கிளாஸ்ல பாதிக்கு மேல சாயநீர் ஊத்திட்டேன், சோடா விட்டதும் பொங்கி மேடையெல்லாம் மஞ்சள். பெரிய பாத்திரமா எடுக்கச் சொல்லி தாள்ல முதல் வரியா போடுங்க டீச்சர், பேரு அப்புறம். சங்குப்பூவுல நீலம் கிடைக்கும்னு நினைச்சேன். சோடா கொஞ்சம் கூடிப்போச்சு, பச்சை கலந்த நீலமா ஆயிடுச்சு.

பார்க்க அப்படியே பால் திரிஞ்ச மாதிரி இருந்துச்சு. தண்ணி தனியா, திப்பி தனியா. ‘திரிசாயம்’னு வைக்கலாமே?

செம்புலம் | புதன், மாலை 4.10

அழகான வினைத்தொகை அம்மா. ஆனால் திரிகடுகம் படித்தவன் ‘மூன்று சாயம்’ என்பான். படிக்காதவன் கெட்டுப்போன சாயம் என்பான்.

நீலச்சங்கு | புதன், மாலை 6.30

இன்னொரு தலைவலி. பட்டறையின் தலைப்பு. ஆங்கிலத்தில் இருப்பது தேடிப் பொறுக்கி எடுத்த வண்ணங்கள் என்ற பொருளில். ‘பொறுக்கிய வண்ணங்கள்’ என்று எழுதினேன். வீட்டில் படித்துக் காட்டினால் சிரிக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பு மேசை | புதன், மாலை 6.55

சிரிக்கத்தான் செய்வார்கள். ‘பொறுக்கி’ என்ற பெயர்ச்சொல் வினையையே கெடுத்துவிட்டது. நெல் பொறுக்கினோம், சுள்ளி பொறுக்கினோம் என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ‘இரை தேடல்’ உயிரியல் பாடத்தில் இருக்கிறது, ஆனால் அது கொக்குக்கு. ‘கொய்தல்’ என்று போட்டால் பிள்ளைகள் நேரே பூங்காவுக்குப் போய்விடுவார்கள். அனுமதியில்லாமல் அங்கே பறிப்பது குற்றம். உங்கள் சங்குப்பூ எங்கிருந்து?

நீலச்சங்கு | புதன், மாலை 7.00

வீட்டு வாசல் தொட்டியிலிருந்து. தோல் மட்டும் தேக்கா ஈரச்சந்தையில் காய்கறிக்காரர் கொடுத்தார். ஒரு பை நிறைய, காசு வாங்கவில்லை. செம்மண் கடையில் வாங்கியது.

செம்புலம் | புதன், இரவு 8.15

அப்படியென்றால் இது காடுபடு பொருள் இல்லை. நகர்படு பொருள். ‘நகர்படு வண்ணங்கள்’! அடுக்குமாடிக்குப் பொருந்தும், பழந்தமிழும் ஆகும்.

சோதனைக்குழாய் | புதன், இரவு 8.20

ஐயா, நகர்படு பொருள் பட்டியலில் பித்தனும் கருங்குரங்கும் இருக்கிறார்களே. சனிக்கிழமை மன்றத்துக்கு யாரை அழைத்து வருகிறோம்?

(தலைப்பை ‘கைக்கெட்டிய வண்ணங்கள்’ என்று அக்கா முடிவு செய்துவிட்டதாகத் தனியஞ்சலில் சொன்னார். நல்லது.)

அஞ்சறைப்பெட்டி | புதன், இரவு 9.40

ரெண்டாவது தடவை செஞ்சேன். இந்த முறை குண்டான்ல. ராத்திரி வச்ச தண்ணி மேல தெளிஞ்சிருக்கு, அடியில மண்டி. நாங்க ஊர்ல எண்ணெய்க்கும் கள்ளுக்கும் ‘மண்டி’ன்னுதான் சொல்வோம். ‘மண்டி வண்ணம்’?

மொழிபெயர்ப்பு மேசை | புதன், இரவு 9.48

அக்கா, பக்கத்துப் பத்தி மலாய். மலாயில் மண்டி என்றால் குளியல். மலாய்ப் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளின் தாளை எட்டிப் பார்த்து ‘குளியல் வண்ணமா’ என்று கேட்பார்கள். அதே பொருளில் ‘வண்டல்’ இருக்கிறதே. ‘வண்டல் வண்ணம்’. மோனையும் அமைகிறது, பிள்ளைகள் வாயிலும் நிற்கும். அந்தச் சேறு கையில் எப்படி இருக்கும் என்று சொல்லே சொல்லிவிடும்.

செம்புலம் | புதன், இரவு 10.30

வண்ணம் வேண்டாம். தொல்காப்பியர் 20 வண்ணம் சொன்னது யாப்பில். நிறப்பொருளில் அது வர்ணத்தின் சாயல். ‘வண்டற்சாயம்’ என்க. லகரம் வல்லினத்துக்கு முன் றகரமாகும், விதி தெரிந்ததே.

சோதனைக்குழாய் | புதன், இரவு 10.41

சாயம் கூடவே கூடாது ஐயா! கரைவது சாயம், கரையாதது நிறமி. இந்தச் செய்முறையே கரைவதைக் கரையாததாக ஆக்கத்தான். மாற்றி முடித்த பொருளுக்குப் பழைய பெயரையே வைத்தால் வகுப்பில் நான் என்ன சொல்லித் தருவேன்? ‘வண்டல் நிறமி’ என்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. வண்டல் எங்கே தங்கும்? ஏரியில். கணினி சொன்ன ‘ஏரி நிறமி’க்கே சுற்றி வந்துவிட்டோம்.

நீலச்சங்கு | வியாழன், காலை 11.35

அனுப்பிவிட்டேன். தாளில் ‘வண்டல் வண்ணம்’ என்றே போகிறது. மேசை, அஞ்சறைப்பெட்டி அக்கா, நான் மூவர் ஒரு பக்கம். செம்புலம் ஐயாவுக்காகப் பின்பக்கத்தில், அரக்கிலிருந்து வந்த பெயர் என்று ஒரு வரி சேர்த்தேன். தம்பிக்காக அடைப்புக்குறியில் ‘நீரில் கரையாத நிறமி’. முதல் வரி: பெரிய பாத்திரம் எடுக்கவும்.

செம்புலம் | வியாழன், பிற்பகல் 12.20

அரக்கு பின்பக்கத்தில், சரி. என் மாறுபாட்டைக் குழுவின் பதிவில் வைக்கவும்: வண்டற்சாயம். தம்பி சொன்ன கரைதல், கரையாமை பற்றி ஞாயிறன்று விரிவாக எழுதுகிறேன். ‘சாய்’ என்ற வேரிலிருந்து தொடங்க வேண்டும்.

அஞ்சறைப்பெட்டி | வியாழன், பிற்பகல் 2.05

டீச்சர், பிள்ளைங்க கையில சோடா படலாமா? கையுறை நான் கொண்டு வரேன். மிச்சப் படிகாரம் இருந்தா எனக்கு ஒரு கட்டி எடுத்து வைங்க, மஞ்சள்ல செஞ்சு பார்க்கணும். வெயில் பட்டா வெளுத்துடும்னு தெரியும், இருந்தாலும்.